வினையும் மனையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இசைக்கும் நாடகத்திற்கும் இடையே ஓர் உரையும் இருத்தல் வேண்டும் என்பது சங்கத்து மரபு. உரை நீண்டால் நாடகம் சுருங்கும் என்பதை நாம் அறிவோம். ஆதலின், அளவறிந்து பேச முயல்வோம்.

இன்று எடுத்துக்கொண்ட பொருள் 'வினையும் மனையும்' என்பது. வினை என்பது நாம் பொருள் ஈட்டுவதற்காகச் செய்யும் தொழில். மனை என்பது வெறும் செங்கற் கட்டடம் அன்று. மனைவி மக்கள், பெற்றோர், சுற்றம், நட்பு, உறக்கம், உடல்நலம், தாய்மொழி ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். இவ்விரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் வாழ்வது எப்படி? பிலாய் போன்ற எஃகு நகரில், குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று. நாள்தோறும் நம் அடுப்பங்கரையில் எழுகின்ற கேள்வி.

இந்த விழாவுக்கு நாள் குறிப்பதற்கே பட்ட பாட்டை நம் செயலாளர் அறிவார். தந்தை வேடம் ஏற்றவருக்கு ஒரு வாரம் இரவு ஷிப்டு. மகன் வேடம் ஏற்றவருக்கு மறுவாரம் பகல் ஷிப்டு. மேடையில் தந்தையும் மகனும் சேர்ந்து நிற்பதே அரிதாயிற்று. மேடையிற் பட்ட இத்துன்பம் நம் வீடுகளிலும் உண்டு என்பதை எண்ணும்போது சிரிப்பு சற்றே அடங்குகிறது.

உலையின் இயல்பு

முதலில் வினையின் பக்கம் நின்று பார்ப்போம். 1955-இல் சோவியத் நாட்டோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக எழுந்தது இவ்வாலை. 1959 பிப்ரவரி 4 அன்று குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் முதல் ஊதுலையைத் தொடங்கி வைத்தார். தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேலை தேடி வந்தோர் இங்கே குடியேறினர். அவர்தம் மக்களும் பேரரும் இன்று இவ்வவையில் அமர்ந்துள்ளனர்.

ஊதுலை உறங்குவதில்லை. உருகிய இரும்பு ஏறத்தாழ 1,500 பாகை வெம்மையில் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கிறது. குறித்த நேரத்தில் அதனைத் திறந்து வடித்தல் வேண்டும். நிலக்கரியைக் கற்கரியாக்கும் அடுப்புகளோ இன்னும் பிடிவாதம் மிக்கவை. அவற்றின் சிலிக்காச் செங்கற்கள் ஒருமுறை முற்றிலும் குளிர்ந்தால் வெடித்துப் பயனற்றுப் போகும். ஆதலின் தீபாவளி வந்தாலும் பொங்கல் வந்தாலும் யாரோ ஒருவர் அவற்றின் அருகில் நின்றே ஆகவேண்டும். காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என மூன்று ஷிப்டுகள் சுழல்வதற்குக் காரணம் மேலாளரின் விருப்பம் அன்று. நெருப்பின் இயல்பே ஆகும்.

இதனை நாம் குறையாகக் கூறவில்லை. இங்கே உருட்டப்படும் தண்டவாளத்தின் மீதுதான் நம் நாட்டு இரயில் வண்டிகள் ஓடுகின்றன. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நாகபுரியும் வாரங்கலும் விஜயவாடாவும் கடந்து செல்லும் அவ்வண்டியின் கீழ் நம்மவர் வியர்வையும் இருக்கிறது என்று எண்ணிப் பெருமை கொள்ளலாம். வினை இழிந்தது என்று கருதுவோர்க்கு மனையும் இனிக்காது. சோம்பியிருப்பவன் வீட்டில் அமைதி நிலவுவதில்லை.

எனினும், இதே ஆலை வேறொரு பாடத்தையும் நமக்குக் கற்பிக்கிறது. பல ஆண்டுகள் இடைவிடாது எரியும் ஊதுலையையும் ஒரு காலத்தில் நிறுத்துகின்றனர். உள்ளே தேய்ந்துபோன செங்கற் சுவரைப் பெயர்த்தெடுத்துப் புதுச்சுவர் அமைக்கின்றனர். அக்காலத்தில் உற்பத்தி குறைகிறதே என்று எவரும் புலம்புவதில்லை. செப்பனிடாத உலை ஆபத்து என்பதைப் பொறியாளர் அறிவர்.

எஃகுக்கும் களைப்பு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இரயில் பெட்டிகளின் அச்சுகள் ஏன் திடீரென முறிகின்றன என்று ஆராய்ந்தார். ஒருமுறை ஏற்றினால் எளிதில் தாங்கக்கூடிய சுமையே மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும்போது எஃகை முறித்துவிடும் என்பது அவர் சோதனைகளால் விளங்கிற்று. சுமை ஓர் எல்லைக்குள் இருக்குமாயின், எத்தனை இலட்சம் முறை ஏறி இறங்கினும் எஃகு தாங்கும் என்பதும் அவற்றாலேயே புலனாயிற்று. எஃகுக்கே எல்லை உண்டெனின், எலும்பும் சதையுமான மனிதனுக்கு எல்லை இல்லை என்று கருதலாமா?

எட்டு மணி எவ்வாறு வந்தது?

எட்டு மணி வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஊதியத்தோடு விடுப்பு ஆகியவை நமக்கு இயல்பாகத் தோன்றுகின்றன. காற்றைப் போலவும் வெயிலைப் போலவும் அவை என்றும் இருந்தன என்று நம் இளைஞர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று.

இந்நாட்டில் 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளைப் பற்றியே பேசிற்று. ஏழு வயது நிரம்பாத குழந்தையை வேலைக்கு வைக்கலாகாது என்றும், ஏழு முதல் பன்னிரண்டு வயதினரை நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும் அது விதித்தது. ஒன்பது மணி வேலை செய்யும் ஏழு வயதுக் குழந்தையைக் காப்பாற்றும் சட்டம் என்று அது பெயர் பெற்றதெனின், அதற்கு முன்பிருந்த நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் வார ஓய்வுக்காகப் பல ஆண்டுகள் போராடினர். நாராயண் மேகாஜி லோகண்டே அவர்களுக்குத் தலைமை தாங்கினார். 1890 ஜூன் 10 அன்று ஆலை உரிமையாளர் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். அதன் பின்னரே ஞாயிற்றுக்கிழமை தொழிலாளிக்கும் உரிய நாளாயிற்று.

எஃகுத் தொழிலில் நமக்கு மூத்ததான ஜாம்ஷெட்பூர் ஆலை 1912-இலேயே எட்டு மணி வேலை முறையை மேற்கொண்டது. 1920-இல் அங்கே ஊதியத்தோடு கூடிய விடுப்பும் வழங்கப்பட்டது. நாட்டின் பிற ஆலைகளில் பன்னிரண்டு மணி உழைத்த காலம் அது.

தமிழகத்தின் பங்கும் சிறிதன்று. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைமை ஏற்றார்; திரு. வி. க. அவர்கள் தோள்கொடுத்து நின்றார். பஞ்சாலைத் தொழிலாளர் அன்று முறையிட்ட குறைகளுள் ஒன்று எது? நண்பகலில் உண்பதற்குத் தரும் இடைவேளை போதவில்லை என்பதே. அள்ளி விழுங்கிவிட்டு ஓடாமல், அமர்ந்து உண்ணும் நேரம் வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னையில் தொழிலாளர் நாளைக் கொண்டாடினார். இந்தியாவில் நிகழ்ந்த முதல் மே நாள் விழா அதுவே.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி என்று எல்லை வகுத்தது. மிகைநேர உழைப்புக்கு இருமடங்கு ஊதியம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் நாளொன்றுக்கு எட்டு மணி என்பதையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

இவ்வரலாற்றைச் சொல்வதன் நோக்கம் ஒன்றே. மாலை வேளையில் நாம் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருக்கிறோமே, அந்த ஒரு மணி நேரம் நம் முன்னோர் போராடிப் பெற்றுத் தந்த செல்வம். அதனை வீணாக்குவதும், கேட்பார்க்கெல்லாம் வாரி வழங்குவதும் முன்னோர் தேட்டத்தை அழிப்பதற்கு ஒப்பாகும்.

தமிழர் கண்ட நெறி

வினைக்கும் மனைக்கும் இடையே எழும் இழுபறியை இந்த நூற்றாண்டின் நோய் என்று சிலர் கருதுகின்றனர். நம் சங்க இலக்கியம் இதனை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அகத்திணையின் நடுப்பொருளாக வைத்தது. பாலைப் பாடல்களில் பெரும்பகுதி பொருள்வயிற் பிரிவைப் பற்றியவை. பொருள் இன்றேல் ஈகை இல்லை, விருந்து இல்லை, இல்லறமே இல்லை என்று ஒரு பக்கம் தலைவன் எண்ணுகிறான். இவளைப் பிரிந்து பெறும் பொருளால் யாது பயன் என்று மறுபக்கம் அவன் நெஞ்சு கேட்கிறது. தன் நெஞ்சோடு அவன் வழக்காடுவதை ஒரு துறையாகவே புலவர் பாடினர்.

'செலவழுங்கல்' என்று ஒரு துறை உண்டு. புறப்பட்ட தலைவன், தலைவியின் முகவாட்டம் கண்டு பயணத்தைச் சிறிது தாழ்த்துகிறான். இது கடமையைக் கைவிடுதல் ஆகாது என்றும், அவளைத் தேற்றி ஆற்றுவித்தற் பொருட்டு நிகழும் தயக்கம் என்றும் தொல்காப்பியர் விளக்கம் தருகின்றார். இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். போகாதே என்று அவர் கூறவில்லை. சொல்லாமலும் தேற்றாமலும் போகாதே என்பதே கருத்து.

முல்லைத் திணையில் இதன் மறுபாதி உள்ளது. வினை முடித்த தலைவன் பாசறையில் தங்கிக் களிக்கவில்லை. தேர்ப்பாகனை விரைந்து செலுத்துமாறு வேண்டுகிறான். கார்காலம் தொடங்கிவிட்டது, குறித்த பருவத்தில் வருவேன் என்று சொல்லிச் சென்ற சொல்லைக் காத்தல் வேண்டும். வினைக்குச் செல்லும்போது தயக்கம், வினை முடிந்தபின் விரைவு என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே தமிழ்த் தலைவனின் இலக்கணம். ஷிப்டு முடிந்த பின்னும் வாயிலருகே தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் அரட்டையடித்துவிட்டு வீடு திரும்பும் நம் தலைவர்கள் முல்லைத் திணையைச் சற்றே நினைவு கூர்தல் நன்று.

திருக்குறளின் அமைப்பையும் எண்ணிப் பாருங்கள். ஆள்வினையுடைமை 62-ஆம் அதிகாரம். இல்வாழ்க்கை 5-ஆம் அதிகாரம். இடையறாத முயற்சியை வள்ளுவரினும் உறுதியாகப் போற்றியவர் இலர். எனினும் அவர் மனையை முதலில் நிறுத்தி, துணைநலத்தையும் மக்கட்பேற்றையும் அன்பையும் விருந்தையும் பேசி முடித்த பின்னரே பொருட்பாலுக்குச் சென்றார். அடித்தளம் எது, மேற்கட்டடம் எது என்பதில் அவருக்கு ஐயம் இல்லை.

இரவுப் பணியும் உடலும்

இனி நம் நிலைக்கு வருவோம். இரவு ஷிப்டு செய்வோர் இவ்வவையில் பலர். இரவில் விழித்தலும் பகலில் உறங்குதலும் வெறும் பழக்கம் என்று முன்பு எண்ணினர். உடலினுள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதும், ஒவ்வோர் உயிரணுவிலும் அது இயங்குகிறது என்பதும் இன்று தெளிவாகியுள்ளன. அதன் நுட்பத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் மூவர்க்கு 2017-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வகம் இரவு முறைப்பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றுள் ஒன்றாக 2007-இல் வகைப்படுத்தியது. 2019-இல் மீண்டும் ஆராய்ந்து அதனை உறுதி செய்தது.

நீண்ட நேர உழைப்பின் தீமையும் அளந்து காணப்பட்டுள்ளது. உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்திற்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்போரைக் காட்டிலும் பக்கவாதம் நேரும் வாய்ப்பு 35 விழுக்காடு மிகுதி. மாரடைப்பு முதலிய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு மிகுதி. 2016-இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 7,45,000 பேர் இதனால் உயிரிழந்தனர் என்று அவ்வாய்வு கணக்கிட்டது.

அச்சுறுத்துவதற்காக இவற்றைக் கூறவில்லை. நெருப்பை அணைக்க இயலாதெனினும், உடலைக் காக்க இயலும். இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் உறங்கும் அறையை இருளாகவும் குளிர்ச்சியாகவும் வைத்தல் வேண்டும். ஒரு கனத்த திரைச்சீலை மருத்துவர் கட்டணத்தினும் மலிவு. விடியற்காலையில் உறங்கச் செல்லுமுன் கடுங்காப்பி அருந்துதல் உறக்கத்தைக் கெடுக்கும். காலை, மாலை, இரவு என முன்னோக்கிச் சுழலும் முறை, பின்னோக்கிச் சுழலும் முறையினும் உடலுக்கு எளிது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட உண்மை. ஷிப்டு வகுக்கும் பொறுப்பில் உள்ள நம்மவர் இதனை நெஞ்சிற் கொள்ளலாம்.

மிகைநேரத்தைப் பற்றியும் ஒரு சொல். இருமடங்கு ஊதியம் இனிப்பானது. மகளின் திருமணத்திற்கும் மகனின் படிப்புக்கும் அது உதவும். ஒரு தேவைக்காகச் சில திங்கள் செய்தல் தவறன்று. தேவை தீர்ந்த பின்னும் தொடருமாயின், மிகைநேரம் நமக்கு ஊதியம் தருவதில்லை. நம்மிடமிருந்து தவணை முறையில் உயிரை வாங்குகிறது என்றே கொள்ளல் வேண்டும்.

சங்கு ஊதாத ஆலை

வினையும் மனையும் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். நம் தாய்மார்களுக்கு மனையே வினையாக இருக்கிறது. ஆலையில் வேலை முடிவுக்குச் சங்கு உண்டு. அடுப்பங்கரையில் அது ஊதுவதில்லை. காலை ஷிப்டுக்குச் செல்லும் கணவர்க்காக நான்கு மணிக்கு எழுகின்றனர். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழு மணிக்கு உணவு. இரண்டரை மணிக்குத் திரும்பும் கணவர்க்கு மீண்டும் உணவு. இரவு ஷிப்டு வாரத்திலோ பகல் முழுவதும் குழந்தைகளின் வாயைப் பொத்தி, குக்கர் ஒலியையும் அடக்கி, வீட்டைக் கோவிலின் கருவறை போல் அமைதியாக வைத்தல் வேண்டும். ஷிப்டு கணவருக்கு மட்டும் எழுதப்படுகிறது. குடும்பம் முழுவதும் அதனைச் செய்கிறது.

நடுவண் அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஓர் உண்மையை எண்ணால் உணர்த்திற்று. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஈடுபட்ட ஆண்களின் தொகையே நூற்றுக்கு 26 அளவினது. ஏனைய 74 பேர் அன்று ஒரு தட்டையும் கழுவவில்லை என்பது பொருள்.

இக்குடியிருப்பில் ஆசிரியராகவும் செவிலியராகவும் எழுத்தராகவும் பணிபுரியும் பெண்கள் பலர். அவர்கள் வெளியே ஒரு ஷிப்டு, உள்ளே இரண்டு ஷிப்டு என மூன்றையும் ஒருவரே செய்கின்றனர். இவர்களிடம் சென்று 'வினையையும் மனையையும் சமன் செய்க' என்று அறிவுரை கூறுவது முறையாகாது. சமன் செய்யவேண்டியவர் அருகில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். நாம் ஆண்மக்களுக்குச் சொல்வது இதுவே. உலையருகே நூற்றுக்கணக்கான பாகை வெம்மையைத் தாங்கும் கைகளுக்கு, தோசைக்கல்லின் வெம்மை பொறுக்க முடியாததன்று.

பையில் வரும் அலுவலகம்

நம் பிள்ளைகள் பலர் உலையருகே செல்லவில்லை. பெங்களூரிலும் புணேயிலும் ஐதராபாத்திலும் கணிப்பொறியின் முன் அமர்ந்துள்ளனர். அவர்களுக்கு நெருப்பு இல்லை. ஆனால் எல்லையும் இல்லை. நம் தலைமுறையில் ஆலை வாயிலைக் கடந்தால் வேலை பின்னால் நின்றுவிடும். இன்று கைபேசி வழியே அலுவலகம் சட்டைப்பையில் ஏறி வீட்டிற்குள் வந்து, உணவு மேசையிலும் படுக்கையிலும் இடம் பிடித்துக்கொள்கிறது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது வீடே அலுவலகமாயிற்று. நோய் தணிந்த பின்னும் பல இல்லங்களில் அலுவலகம் வெளியேறவில்லை.

2023-இல் பெருந்தொழிலதிபர் ஒருவர் இளைஞர் வாரத்திற்கு 70 மணி உழைத்தல் வேண்டும் என்றார். 2025-இல் மற்றொரு நிறுவனத் தலைவர் 90 மணி என்றார். வாரத்திற்கு மொத்தம் 168 மணி. 90 மணி உழைப்புக்கும், நாளொன்றுக்கு ஏழு மணி வீதம் 49 மணி உறக்கத்திற்கும் போக எஞ்சுவது 29 மணி. குளித்தல், உண்ணல், போக்குவரவு இவற்றைக் கழித்தால் பெற்ற குழந்தைக்கு எஞ்சுவது யாது? கணக்கறிந்தவர்கள் கூறிய கணக்கில் குழந்தை விடுபட்டுப் போயிற்று.

பிரான்சு நாட்டில் 2017 முதல், வேலை நேரத்திற்குப் பின் அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமைக்குச் சட்டம் இடமளிக்கிறது. நம் நாட்டில் சட்டம் வரும்வரை வீட்டளவிலேனும் ஒரு விதி செய்துகொள்ளலாம். இரவு உணவின்போது எல்லாக் கைபேசிகளும் சமையலறை அலமாரியில் இருத்தல் வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டும் இவ்விதியை விதித்துப் பெற்றோர் மீறுதல் கூடாது.

விடுப்பும் ஊரும் மொழியும்

தாயகத்திலிருந்து விலகி வாழும் நமக்குத் தனியே உரிய மூன்று செய்திகளைச் சொல்லிவிடுகின்றோம்.

முதலாவது, விடுப்பு. ஈட்டிய விடுப்பை எடுக்காமல் சேர்த்து வைத்து, ஓய்வு பெறும்போது 300 நாள் வரை பணமாகப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. சிக்கனம் நல்லதே. ஆனால் ஊரில் இருக்கும் தாய்தந்தையர்க்கு நம் விடுப்புக் கணக்கு தெரியாது. அவர்கள் நாள் அந்தக் கணக்கின்படி நீள்வதும் இல்லை. 'அடுத்த ஆண்டு வருகிறேன், அம்மா' என்று தொலைபேசியில் சொல்லிச் சொல்லி, இறுதியில் தந்தியாலும் பின்னர்த் தொலைபேசியாலும் அழைக்கப்பட்டு ஓடியவர்கள் இக்குடியிருப்பில் எத்தனை பேர்! ஒன்றரை நாள் பயணத்தின் முடிவில் அவர்கள் கண்டது மூடிய பெட்டியும் அணைந்த விளக்குமே. அந்த 300 நாளுக்குக் கிடைத்த தொகை அவர்கள் வங்கிக் கணக்கில் இன்றும் இருக்கலாம். அதனைக் கொடுத்துத் தாயோடு ஒரு திங்கள் வாங்கித் தரும் கடை உலகில் இல்லை.

இரண்டாவது, மொழி. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் இந்தியும் சத்தீசுகரியும் நம் குழந்தைகளைச் சூழ்ந்துள்ளன. அவை வேண்டும், நமக்குச் சோறிட்ட மண்ணின் மொழியைக் கற்பது நன்றிக் கடன். தமிழுக்கு எஞ்சியிருப்பது வீடு ஒன்றே. அதாவது, தந்தையும் தாயும் விழித்திருந்து, களைப்பின்றி, குழந்தையோடு பேசுகின்ற நேரம் மட்டுமே இங்கே தமிழின் காலம். தந்தை உறங்குகிறார், தாய் சமைக்கிறார், தொலைக்காட்சி பேசுகிறது என்றால், அவ்வீட்டில் தமிழ் ஒரு தலைமுறையில் முடிந்துவிடும். பாட்டியிடம் தொலைபேசியில் 'நல்லா இருக்கேன்' என்ற ஒரு தொடருக்கு மேல் பேசத் தெரியாத பேரன் பேத்தியரை நாம் காண்கிறோம். அவர்கள் மேல் குற்றம் இல்லை. அவர்களுக்குரிய மணிகளை நாம் வேறெங்கோ செலவிட்டுவிட்டோம்.

மூன்றாவது, அண்டை அயல். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே சுற்றம் என்று ஒன்று உண்டு. இங்கே நமக்கு மாமனும் அத்தையும் பக்கத்துக் குடியிருப்பார்தாம். நள்ளிரவில் நோய் வந்தால் மருத்துவமனைக்கு உடன் வருபவர் அவரே. சத்தீசுகர் மக்கள் முதல்நாள் சோற்றை நீரில் இட்டு மறுநாள் 'பாசி' என்று உண்கின்றனர். நாம் அதனையே பழைய சோறு என்கிறோம். 2022 மே முதல் நாளில் உழைப்பாளரைப் போற்றும் வகையில் யாவரும் அவ்வுணவை உண்ணுமாறு இம்மாநில அரசு அழைப்பு விடுத்தது. உழைப்பவன் கலயத்தில் மாநில எல்லைகள் இல்லை என்பதை அது காட்டிற்று. அண்டை வீட்டாரோடு ஒரு வேளை உண்ணவும் நேரமில்லாத உழைப்பு மனிதனைத் தனியனாக்கிவிடும்.

சங்கு நின்ற பின்

அறுபது வயதில் ஓய்வு வருகிறது. மாலையும் பொன்னாடையும் சுவர்க் கடிகாரமும் தந்து அனுப்புகின்றனர். அதன்பின் ஆலை நம் எண்ணை வேறொருவர்க்குத் தருகிறது. குடியிருப்பு வீட்டையும் காலி செய்தல் வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் வினையே உலகம் என்று வாழ்ந்தவர் அன்று திகைக்கிறார். வீட்டில் தமக்கு இடம் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. பிள்ளைகளின் நண்பர் பெயர் தெரியாது. மனைவிக்குப் பிடித்த பாட்டு எதுவென்று தெரியாது. அவர்களும் அவரை அன்போடு, ஆனால் விருந்தினரைப் போல நடத்துகின்றனர்.

இதற்கு மருந்து ஓய்வு நாளன்று தொடங்குவதன்று. முப்பது வயதிலேயே தொடங்குதல் வேண்டும். வயலினோ கேரமோ தோட்டமோ நூலகமோ சங்கப் பணியோ, ஊதியம் இல்லாத ஒரு வேலையில் மனத்தை ஊன்றி வைத்தவர்க்குச் சங்கு நின்றபின் வெறுமை தோன்றுவதில்லை.

செய்யத்தக்கவை

பேச்சு செயலாகாவிடின் பயனில்லை. ஆதலின் சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

ஒவ்வொரு வீட்டிலும் ஷிப்டு அட்டவணைக்கு அருகில் மற்றோர் அட்டவணையும் தொங்கட்டும். குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து உண்ணும் வேளைகள் வாரத்திற்கு எத்தனை என்பதை அதில் குறியுங்கள். ஐந்துக்குக் குறைந்தால் ஷிப்டைக் குறை சொல்வதற்கு முன் மற்றவற்றை ஆராயுங்கள். வார ஓய்வு ஞாயிற்றில் வராது, செவ்வாயில் வரலாம். அந்தச் செவ்வாய் மாலையை அவ்வீட்டின் ஞாயிறாகக் கொண்டாடுங்கள்.

ஆண்டு விடுப்பில் ஒரு பகுதியைச் சேமியுங்கள். ஒரு பகுதியைத் தவறாது ஊருக்குக் கொடுங்கள். குழந்தை பேசக் கற்கும் ஆண்டுகளிலும், பெற்றோர் முதுமையுற்ற ஆண்டுகளிலும் இப்பங்கு மிகுதியாகட்டும். இவ்விரண்டு பருவங்களும் திரும்பி வருவதில்லை.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். நம் தமிழ் வகுப்பு ஞாயிறு காலை மட்டும் நடைபெறுகிறது. இரவு ஷிப்டு முடிந்து வந்த தந்தை குழந்தையை அழைத்துவர இயலாத வேளை அது. வாரநாள் மாலை ஒன்றிலும் வகுப்பு நடத்தலாம். பெண்களின் கூட்டம் நடைபெறும்போது குழந்தைகளை ஆண்கள் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடும் தேவை. ஓய்வு பெற்ற பெரியோர் பலர் தம் நேரத்தை வழங்க ஆயத்தமாக உள்ளனர். அவர்களைப் பொன்னாடை போர்த்தி உட்கார வைப்பதினும், குழந்தைகளுக்குக் கதை சொல்ல அழைப்பது சிறந்த சிறப்பாகும்.

அன்பர்களே! ஒரு வீட்டில் ஆசிரியை குழந்தையிடம் 'உன் தந்தை என்ன செய்கிறார்?' என்று கேட்டாராம். 'தூங்குகிறார்' என்றதாம் குழந்தை. குடியிருப்பில் இதனை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். அக்குழந்தை பொய் சொல்லவில்லை. தான் கண்டதைச் சொல்லிற்று. தந்தை எஃகு வடிப்பதை அது கண்டதில்லை. தந்தை கதை சொல்வதையும், காய்கறி நறுக்குவதையும், தாயோடு சிரித்துப் பேசுவதையும், தாத்தாவுக்குத் தமிழில் மடல் எழுதக் கற்பிப்பதையும் அது காணுமாறு செய்வது நம் கையில் இருக்கிறது.

வினை நமக்குச் சோறு தந்தது. இம்மண்ணில் மதிப்பு தந்தது. அதனை நேர்மையாகவும் திறமையாகவும் செய்வோம். நேரம் முடிந்ததும், தேர்ப்பாகனை விரைவுபடுத்திய தலைவனைப் போல வீடு நோக்கி விரைவோம். அங்கே நமக்காகக் காத்திருப்போர் ஊதியப் பட்டியலில் இல்லை. ஆயினும் நாம் ஊதியம் பெறுவதெல்லாம் அவர்களுக்காகவே.